புதிய கடல்நீர்த் தொட்டியில் பாசி: அனுபவசாலிகள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நச்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த கையோடு, என் புதிய கடல்நீர்த் தொட்டியின் மணலில் பழுப்புப் பாசி படர்ந்துவிட்டது. தொட்டால் மாவாகக் கலைகிறது. சிலிக்கேட்டைக் கொண்டு வளரும் டயாட்டம் என்ற நுண்பாசி என்றே நினைக்கிறேன். நீரிலுள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் அது தானே அடங்கும் என்பதால் பெரிய கவலையில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. நீரோட்டம் குறைந்த மூலையில், பாறைமேல் கருஞ்சிவப்பாக வழுவழுப்பான ஏடு படிந்திருக்கிறது. சிறு குழாயால் உறிஞ்சினால் தோல்போல் உரிந்து வருகிறது, அடியில் குமிழிகள். மறுநாளே திரும்பவும் படிகிறது. இது பாசிபோல் படரும் சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியாதானே?

உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 26 டிகிரி, நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.1. விளக்கு 8 மணி நேரம் எரிகிறது. ஆர்.ஓ. நீர்தான் ஊற்றுகிறேன்.

ஆன்டிபயாட்டிக் போட எனக்கு மனமில்லை. நன்மை செய்யும் பாக்டீரியாவும் அதில் அடிபடலாம். நீரோட்டத்தைக் கூட்டி, விளக்கு நேரத்தைக் குறைத்தால் போதுமா? பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு போடலாமா? பாஸ்பேட் அளவு பூஜ்யத்துக்கு இறங்கினால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற வேறொரு நுண்ணுயிர் தலைதூக்குமே என்று அஞ்சுகிறேன். பாசி தின்னும் நத்தைகளை இப்போதே விடலாமா, இன்னும் பொறுக்க வேண்டுமா? இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.