சின்ன எம்எக்ஸ்-5-இல் ஆல்ப்ஸ் வரை 10 நாள்: வண்டி தாங்குமா?

ரெடிங்வாசி:

வணக்கம் மக்களே. போன ஆகஸ்டில் ஒரு 2008 மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன். மூன்றாம் தலைமுறை, என்சி என்பார்களே அது, 2 லிட்டர் எஞ்சின், துணிக் கூரை, 78,000 மைல் ஓடியிருக்கிறது. நான் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங்கில். மழை ஊரில் கூரை இல்லாத வண்டி எதற்கு என்று மதுரையிலிருந்து அப்பா வீடியோ காலில் கேட்டார். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரையை மடித்துவிட்டு கிராமச் சாலைகளில் ஓட்டினேன், பதில் கிடைத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் 10 நாள் லீவு. நானும் மனைவியும் கலே, பாரிஸ், இன்டர்லாக்கன், ஸ்டெல்வியோ கணவாய், வெனிஸ், ரோம், நீஸ், திரும்பக் கலே என்று ஒரு சுற்று போட்டிருக்கிறோம். மேப்பில் சுமார் 4,000 கி.மீ. காட்டுகிறது. நண்பர்கள் எல்லாரும் 17 வருஷத்துக்கு மேலான வண்டியை நம்பி இவ்வளவு தூரம் போகாதே, நடு மலையில் நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். இரண்டு பேருக்கு 10 நாள் துணிமணி அந்த டிக்கியில் அடங்குமா என்பது மனைவியின் கேள்வி. இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட், இங்கே வேலை விசா. எனக்கு இங்கிலாந்து லைசென்ஸ் இருக்கிறது, அவளிடம் சென்னை லைசென்ஸ் மட்டும்தான், வந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்படிப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வாடகை வண்டி:

பிளைட்டில் ஜூரிக் போய் அங்கே ஒரு எஸ்யூவி வாடகைக்கு எடுங்கள். ஸ்டியரிங் சரியான பக்கத்தில் இருக்கும், பெட்டி நாலு வைக்கலாம், ஏசி வேலை செய்யும். இரண்டு நாள் நெடுஞ்சாலையில் காது அடைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. எனக்கு இந்தக் கூரையில்லாத மோகம் என்றைக்குமே புரிந்ததில்லை, மன்னிக்கவும்.

பேர்ண்காரன்:

தம்பி, நான் சுவிஸில் 30 வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். மேலே சொன்னவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் எஸ்யூவியில் ஃபுர்கா கணவாய் ஏறுவதைவிட நீங்கள் யூடியூப்பில் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாம். உங்கள் வண்டி தாங்கும். தாங்காதது உங்கள் பாதைதான். 10 நாளில் 4,000 கி.மீ. என்றால் ஒரு நாளைக்கு 400, அதிலும் மலைப்பாதையில் மணிக்கு 40 கி.மீ. போனாலே பெரிய காரியம். ரோமுக்கு இந்த வண்டியில் போய் என்ன செய்யப் போகிறீர்கள்? ஜூலை வெயிலில் கூரையைத் திறக்கவே மாட்டீர்கள். இத்தாலியப் பழைய நகரங்களின் நடுப்பகுதிகளுக்குள் அனுமதியில்லாத வண்டி நுழையக் கூடாது, கமரா இருக்கும், தண்டக் கடிதம் மாதக்கணக்கில் கழித்து ரெடிங் வீட்டுக்கு வரும். வெனிஸில் வண்டியே ஓடாது. பாரிஸுக்கு ரயிலில் போங்கள். இவை மூன்றையும் வெட்டுங்கள்.

நான் என்றால் இப்படிப் போவேன். முதல் நாள் ஃபோக்ஸ்டனில் வண்டியை ரயிலில் ஏற்றி, கடலடிச் சுரங்கம் வழியாக 35 நிமிடத்தில் கலே, அங்கிருந்து ரெய்ம்ஸ் வரை சுமார் 275 கி.மீ., அத்தோடு நிறுத்துங்கள். இரண்டாம் நாள் கொல்மார். அதற்கு மேலே வோஜ் மலை முகட்டில் ஒரு பாதை ஓடுகிறது, முதல் உலகப் போரில் பிரெஞ்சு இராணுவம் போட்டது, ஆல்ப்ஸுக்கு முன்னால் கை பழக நல்ல இடம். பிறகு சுவிஸுக்குள் வந்து அன்டர்மாட்டில் மூன்று இரவு தங்குங்கள். அங்கிருந்து சுஸ்டன், கிரிம்செல், ஃபுர்கா மூன்று கணவாயையும் ஒரே வட்டமாகச் சுற்றலாம், 120 கி.மீ.தான், ஆனால் முழு நாள் எடுக்கும், எடுக்க வேண்டும். ஃபுர்கா 2,429 மீட்டர். ஞாயிறு போகாதீர்கள், மோட்டார் சைக்கிள்காரர் முழுப்பேரும் அங்கேதான் நிற்பார்கள்.

அப்புறம் ஓபரால்ப், ஃப்ளூவேலா, ஓஃபன் கணவாய்கள் வழியாக சான்டா மரியா. அங்கே இரண்டு இரவு. அந்தக் கிராமத்திலிருந்து உம்பிரைல் என்ற கணவாய் ஏறினால் ஸ்டெல்வியோவின் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். எல்லாரும் படம் எடுக்கிற 48 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது மறுபக்கம், பிராத்தோ என்ற ஊரிலிருந்து வருகிற வழியில். அதில் இறங்குவதைவிட ஏறுவது சுகம், ஆகவே பிராத்தோவுக்குச் சுற்றிப் போய், விடிய 7 மணிக்கே ஏறத் தொடங்குங்கள். 9 மணிக்கு மேல் சைக்கிள், பஸ், கேம்பர் வான் எல்லாம் சேர்ந்துவிடும். பிராத்தோ சுமார் 900 மீட்டர், உச்சி 2,757 மீட்டர். கீழே 22 பாகை என்றால் மேலே 10 இருக்கும், ஜூலையிலும் பனி கொட்டியிருக்கிறது. 1820களில் குதிரை வண்டிக்காகப் போட்ட பாதை, வளைவுகளின் அகலமும் அதற்கேற்றதுதான். பெரிய வண்டிக்காரர் முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்பும்போது உங்கள் சின்னக் கார் ஒரே திருப்பில் போய்விடும். அப்போது மேலே எஸ்யூவி சொன்னவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ஜெர்மனியில் கறுப்புக் காட்டின் பி500 சாலை, பிறகு லக்சம்பர்க், பெல்ஜியம் வழியாகக் கலே. அந்தப் பக்கம் கார்களுக்குச் சுங்கம் கிடையாது. எல்லாம் சேர்த்து 2,500 கி.மீ. சொச்சம் வரும்.

காசு விஷயம்: சுவிஸ் மோட்டர்வேக்கு 40 பிராங் வின்யெட் (சாலைக் கட்டணச் சீட்டு) வேண்டும், இணையத்திலேயே வாங்கலாம். இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங் தண்டம், அதன்மேல் வின்யெட்டின் விலையும். ஊருக்குள் 50 என்று போட்டிருந்தால் 50தான், 6 கி.மீ. கூடினால் 120 பிராங். மலையில் மஞ்சள் போஸ்ட் பஸ் மூன்று சுரத்தில் ஹோர்ன் அடிக்கும், அது கேட்டால் வடிவாக ஒதுங்கி நில்லுங்கள், அஞ்சல் பஸ் ஓடும் மலைப்பாதைகளில் அதற்குத்தான் முன்னுரிமை.

கிரீஸ் கை:

அண்ணன் பாதையைச் சொல்லிவிட்டார், நான் வண்டியைச் சொல்கிறேன். என்சியில் டைமிங் பெல்ட் இல்லை, செயின், பெல்ட் அறுந்துபோகுமோ என்ற கவலை வேண்டாம். கவலை ஆயில்தான். இந்த 2 லிட்டர் எஞ்சின்களில் சில ஆயில் குடிக்கும், அளவு இறங்கியது தெரியாமல் ஓட்டினால் எஞ்சின் போய்விடும். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், ஒரு லிட்டர் கூடவே வையுங்கள்.

பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். இந்த வண்டிகளில் பின் பிரேக் காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகிப்போவதும் சகஜம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கும்போது இரண்டாம் மூன்றாம் கியரில் எஞ்சினே பிடிக்கட்டும், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள்.

ஸ்டெப்னி கிடையாது, தெரியும்தானே? பஞ்சர் அடைக்கும் திரவ டப்பாவும் கம்ப்ரசரும்தான். ஆணி குத்தினால் சமாளிக்கும், டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றுக்கும் உதவாது. அதனால் டயரின் வயதைப் பாருங்கள், பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஐரோப்பாவுக்கும் செல்லுபடியாகும் பிரேக்டவுன் கவர் கட்டாயம் எடுங்கள், அதில் வண்டியின் வயதுக்கு வரம்பு இருக்கிறதா என்பதையும் படியுங்கள்.

கடைசியாக, இதை எல்லாரும் மறப்பார்கள்: சீட்டுக்குப் பின்னால், கூரை மடியும் இடத்தின் இரு மூலையிலும் தண்ணீர் வடியும் ஓட்டை இருக்கிறது. இலை தழை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் வண்டிக்குள் வரும், கதவுக்குக் கீழே இருக்கும் இரும்பு விளிம்பும் துருப்பிடிக்கும். கிளம்புவதற்கு முன் சுத்தம் செய்யுங்கள்.

இடதுசீட்டு:

ஓட்டுபவர்கள் எல்லாம் பேசிவிட்டீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து போனவள் நான். இதே மாதிரி வண்டியில் கணவரோடு பிரெஞ்சு ஆல்ப்ஸ் போய் வந்தேன், உங்கள் மனைவிக்கு இதைக் காட்டுங்கள்.

டிக்கி 150 லிட்டர், வாயும் சின்னது. சூட்கேஸை மறந்துவிடுங்கள், மடங்குகிற துணிப்பை நாலு சிறியதாக எடுத்தால் இண்டு இடுக்கில் எல்லாம் திணிக்கலாம். 10 நாளுக்கு 10 உடை இல்லை, நாலு உடையும் ஒரு சோப்பும். மிச்ச இடம் ஜாக்கெட்டுக்கு. எச்சரிக்கை முக்கோணம், மின்னும் சட்டை இரண்டு, ஹெட்லைட்டில் ஒட்டும் ஸ்டிக்கர், பின்னால் யுகே ஸ்டிக்கர் (ஜிபி என்று பழசு இருந்தால் அது 2021 செப்டம்பரிலிருந்து செல்லாது) இதுவே ஒரு பை ஆகிவிடும்.

அந்தப் பக்கம் போனதும் உங்கள் மனைவி நடுரோட்டுப் பக்கம் இருப்பார், எதிரே வரும் லாரியின் சக்கரம் அவர் காதுக்குப் பக்கத்தில் போகும். முதல் இரண்டு மணி நேரம் பயமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். லாரியைத் தாண்டலாமா என்று எட்டிப் பார்த்துச் சொல்வதும் அவர் வேலைதான். பிரெஞ்சு டோலில் டிக்கெட் எடுப்பதும் அவர்தான், இயந்திரம் உயரத்தில் இருக்கும், நாம் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்போம், ஒவ்வொரு தடவையும் பெல்ட்டைக் கழற்றி எழுந்து நின்று நீட்டியிருக்கிறேன், பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். முன்கூட்டியே டோல் டேக் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் இந்தக் கூத்து இல்லை.

வெயில் முக்கியம். காற்று குளுகுளுவென்று அடிப்பதால் சுடுவது தெரியாது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது, நமக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று நினைத்து என் நெற்றித் தோல் உரிந்தது. சன்ஸ்கிரீன், நாடா கட்டிய தொப்பி, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னல். நெடுஞ்சாலையில் கூரையை மூடினாலும் இரைச்சல்தான், காதில் பஞ்சடைப்பான் வையுங்கள். சண்டை பாதி குறையும்.

சாப்பாடு: இங்கிலாந்திலிருந்து பால், இறைச்சிப் பொருள் எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. தயிர் சாதம் கட்டாதீர்கள். புளியோதரை போதும்.

ரெடிங்வாசி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ரோமை வெட்டுவதாகச் சொன்னதும் மனைவி ஒரு நாள் பேசவில்லை, இடதுசீட்டு அக்கா எழுதியதைக் காட்டிய பிறகு பரவாயில்லை. விசா பற்றி யாரும் சொல்லவில்லையே? முதலில் பிரான்ஸில்தானே நுழைகிறோம், பிரான்ஸுக்குப் போடுவதா?

பேர்ண்காரன்:

இல்லை. ஷெங்கனில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளில்) எந்த நாட்டில் கூடுதல் இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். இரவுகள் சமமாக வந்தால்தான் முதலில் நுழையும் நாடு. புதுப் பாதையில் அது சுவிஸ். ஆகவே முதலில் பாதையை முடிவு செய்யுங்கள், பிறகு படிவம். ஆறு மாதத்துக்கு முன்பே போடலாம், இப்போதே நேரம் பிடியுங்கள், கோடை நெருங்கினால் கிடைப்பது கஷ்டம்.

மனைவி ஓட்ட முடியாது. இந்திய லைசென்ஸில் இங்கிலாந்தில் குடியிருப்பவர் ஓட்டலாம் என்பது முதல் 12 மாதம்தான், உங்கள் இன்ஷூரன்ஸும் ஒத்துக்கொள்ளாது. அந்த இன்ஷூரன்ஸையும் ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள், பல பாலிசிகள் கடலைத் தாண்டினதும் மூன்றாம் தரப்புக் காப்பாகச் சுருங்கிவிடும். வி5சி (வண்டியின் பதிவுச் சான்று) அசல் கையில் இருக்கட்டும்.

ரெடிங்வாசி:

ஜூலை கடைசி. போய் வந்துவிட்டோம்! மொத்தம் 2,640 கி.மீ., வண்டி ஒரு இடத்திலும் மக்கர் செய்யவில்லை, ஆயில் அரை லிட்டர் போட்டேன். ஸ்டெல்வியோவில் ஏழேகாலுக்கு ஏற ஆரம்பித்தோம், பாதி வரைக்கும் மேகம், முப்பதாவது வளைவுக்கு மேல் திடீரென்று திறந்து எதிரே ஓர்ட்லர் மலை வெள்ளையாக நின்றது. உச்சியில் 5 டிகிரி. கூரை திறந்தபடி, ஹீட்டரை முழுதாக வைத்து, காலுக்குக் கோடையும் தலைக்குக் குளிருமாக உட்கார்ந்து பிளாஸ்க் டீ குடித்தோம். பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன் தாத்தா, அவரும் எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, எங்கள் புளியோதரையை ருசி பார்த்துவிட்டு இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். அப்பாவுக்கு அங்கிருந்தே வீடியோ கால் போட்டேன், ரொம்ப நேரம் மலையைப் பார்த்துவிட்டு, தலையில் ஒரு மப்ளர் கட்டு என்றார்.

ஒரே ஒரு சிக்கல். லக்சம்பர்க் தாண்டியதும் நல்ல மழை, ராத்திரி முழுக்க வண்டி வெளியே நின்றது. காலையில் பார்த்தால் என் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் தொப்பலாக நனைந்திருக்கிறது. கிரீஸ் கை அண்ணா, நீங்கள் சொன்ன அந்த ஓட்டையை நான் பார்க்கவில்லை. இப்போது எப்படிச் சுத்தம் செய்வது? வீட்டில் ஒரு ஹேங்கர் கம்பி இருக்கிறது.

கிரீஸ் கை:

கம்பியைக் கீழே வையுங்கள்! உள்ளே இருப்பது ரப்பர் குழாய், கிழிந்தால் இன்னும் மோசம். புல் வெட்டும் ஸ்ட்ரிம்மரின் தடித்த நைலான் நூலை எடுத்து, முனையை நெருப்பில் காட்டி மழுக்கி, மேலிருந்து மெதுவாக விட்டுச் சுழற்றுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் வண்டிக்கு அடியில், பின்சக்கரத்துக்கு முன்னால் வடிய வேண்டும். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் ஸ்பாஞ்சையும் காய வையுங்கள், அது ஒரு வாரம் ஈரம் பிடித்திருக்கும்.