பிஸ்டனை அழுத்தினால் கப்ளரும் போகிறதா? கிராண்ட்ஆர்க் அனுபவங்கள்

கணினியில் பைப் ஆர்கன் வாசிக்க உதவும் கிராண்ட்ஆர்க் (GrandOrgue) மென்பொருளில் இரண்டு சாம்பிள் செட், அதாவது நிஜ ஆர்கன்களின் ஒலிப்பதிவுத் தொகுப்பு, வைத்திருக்கிறேன். ஒன்றில் கிரேட் என்ற மானுவலின் (கை விசைப்பலகையின்) 3ஆம் டிவிஷனல் பிஸ்டனை, அதாவது அந்த மானுவலுக்கு மட்டும் சேமித்த ஸ்டாப் அமைப்பைக் கொண்டுவரும் பொத்தானை, அழுத்தினால் கிரேட் ஸ்டாப்புகள் (ஒலி வகைகளைத் திறக்கும் குமிழ்கள்) மட்டும் மாறும். இன்னொன்றில் அதே பிஸ்டன் ஸ்வெல் என்ற இன்னொரு மானுவலையும் கிரேட்டையும் இணைக்கும் கப்ளரையும் சேர்த்து எடுத்துவிடும். கீர்த்தனையின் நடுவில் ஒலி பாதியாகச் சுருங்கும்போது அடிவயிறு கலங்கிவிடும். மென்பொருள் கோளாறு என்றுதான் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கோளாறே இல்லை. ஆர்கனோடு வரும் வரையறை ஃபைல் வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேடில் திறந்து பாருங்கள். டிவிஷனல்கள் கப்ளரைச் சேமிக்கலாமா, ஒலியை நடுங்கவைக்கும் ட்ரெமுலன்ட்டைச் சேமிக்கலாமா என்று தனித்தனி வரிகள் இருக்கும், எதிரே Y (ஆம்) அல்லது N (இல்லை). செட்டைத் தயாரித்தவர் எடுத்த முடிவு அது. நிஜ ஆர்கன்களும் இந்த விஷயத்தில் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கப்ளர் நிலைக்க வேண்டிய பாடல்களுக்கு இப்போது எல்லா மானுவலையும் சேர்த்துப் பிடிக்கும் ஜெனரல் பிஸ்டன்தான்.

---

அண்ணா, என் சிக்கல் வேறு மாதிரி. சேமித்த ஸ்டாப் அமைப்புகளை எண் வரிசையில் ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் சீக்வென்சரின் நெக்ஸ்ட் பொத்தானுக்குச் சஸ்டெயின் பெடலைக் கொடுத்திருந்தேன். 012க்குப் பிறகு 013 வர வேண்டிய இடத்தில் 014 வந்து நின்றது. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் அந்தப் பெடல் 64ஆம் கன்ட்ரோலர். மிதித்தால் 127, விட்டால் 0 அனுப்பும். இரண்டையும் அழுத்தலாக எடுத்துக்கொண்டால் இரண்டு படி தாவும். மிதிப்பதை மட்டும் கவனிக்கும்படி நிகழ்வு வகையை மாற்றியதும் சரியாகிவிட்டது. இன்னொன்று, புரோகிராம் சேஞ்ச் என்ற மிடி செய்தியை அனுப்பும் பொத்தானைச் செட் பிஸ்டனாக (அமைப்பைப் பதியும் பொத்தானாக) வைக்காதீர்கள். விரலை எடுத்ததைச் சொல்லும் செய்தி அதில் கிடையாது. செட்டைப் பிடித்துக்கொண்டே பிஸ்டனை அழுத்திப் பதிய வேண்டும் என்றால், அழுத்தல், விடுதல் இரண்டும் வரும் மிடி நோட்டுச் செய்திதான் நம்பகமானது. சீக்வென்சரில் 000 முதல் 999 வரை இடம் இருப்பதால் ஒரு முழு ஆராதனையையே வரிசையாக அடுக்கிவிடலாம். நடுவில் ஒன்று விட்டுப்போனால் இடையில் சேர்க்க இன்சர்ட் பொத்தான் இருக்கிறது.

---

நான் ஹாப்ட்வெர்க் என்ற இன்னொரு ஆர்கன் மென்பொருளில் பிரான்ஸின் கான் (Caen) நகரில் உள்ள செயின்ட் எத்தியேன் தேவாலயத்தின் ஆர்கனை வாசிக்கிறேன். பிரெஞ்சு ஆர்கன் தயாரிப்பாளர் கவாயே கோல் 1885இல் முடித்த கருவி. அதில் அன்ஷ் (பிரெஞ்சில் ரீட்) பெடலை மிதித்தால்தான் ட்ரம்பெட் போன்ற ரீட் ஸ்டாப்புகளுக்குக் காற்று போகும். ட்ரம்பெட் குமிழ் வெளியே இழுத்திருக்கும், ஆனால் சத்தம் வராது. பிஸ்டன் வேலை செய்யவில்லையோ என்று தேடுவதற்கு முன் அந்தப் பெடலைப் பாருங்கள். பிஸ்டன் குமிழை நகர்த்தும், அன்ஷ் பெடல் காற்றைத் திறக்கும். பிராங்க், விடோர் ஆகிய பிரெஞ்சு ஆர்கன் இசையமைப்பாளர்களை வாசிக்கும்போது பெரும்பாலும் பிஸ்டன் பக்கமே நான் போவதில்லை. ரீட்களை முன்கூட்டியே இழுத்து வைத்துவிட்டுப் பெடலால் உள்ளே கொண்டுவருவது அந்த இசைக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது.