செஸ்டர்ஃபீல்டு மாலும் பெரியப்பாவின் கேள்விகளும்

குழு: நம் வீட்டார் (கவிதா, முரளி: அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் அருகே உள்ள செஸ்டர்ஃபீல்டு நகரம்; அருண்: நியூஜெர்சி)
2024 நவம்பர் 23, சனிக்கிழமை

கவிதா அக்கா: [படம்] பெரியப்பா, நீங்களும் அம்மாவும் எங்கள் வீட்டில் தங்கியிருந்த குளிர்காலத்தில், வெளியே பனி கொட்டிய காலைகளில் நடைப்பயிற்சிக்குப் போய் வந்த செஸ்டர்ஃபீல்டு மால் இதுதான். ஆகஸ்டு 31ஆம் தேதியோடு மூடினார்கள். அக்டோபரில் இடிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. இனி அங்கே அடுக்குமாடி வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் பூங்காவும் கொண்ட ஒரு நகர மையம் வரப்போகிறது.

அம்மா: அந்த உணவுக்கூடத்துக்கு எதிரே இருந்த நீள இருக்கையில்தான் நாங்கள் இளைப்பாறுவோம். அப்போதே பாதிக் கடைகள் அடைத்துக் கிடந்தன.

பெரியப்பா: படம் பார்த்தேன், கவிதா. ஐம்பது வயதுகூட ஆகாத கட்டடம். நகராட்சி வருவாய்ப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு உட்கார்ந்து எழுந்தவனுக்கு முதலில் தோன்றும் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்: யார் பணத்தில் இடித்து யார் பணத்தில் கட்டுகிறார்கள்? மாப்பிள்ளை பதில் சொன்னால் நல்லது, அவர்தான் கணக்குப் பார்ப்பவர்.

முரளி அத்தான்: வணக்கம் பெரியப்பா. 1976இல் திறந்த மால் அது. 2016இல் டில்லார்ட்ஸ் என்ற பெரிய கடையில் தண்ணீர்க் குழாய் உடைந்து, அந்தக் கடை மறுபடி திறக்கவே இல்லை. 2018இல் சியர்ஸ் என்ற இன்னொரு பெரிய கடையும் போயிற்று. அதன்பிறகு சிறிய கடைகளைக் கேட்கவே வேண்டாம். 2022 டிசம்பரில் எங்கள் நகர்மன்றம் இந்தப் பகுதிக்கு ‘டிஃப்’ எனப்படும் வரி உயர்வு நிதித் திட்டத்தை, 35 கோடியே 30 லட்சம் டாலர் வரை என்ற உச்சவரம்போடு ஏற்றுக்கொண்டது. இன்றைய மதிப்பில் அந்த நிலம் கட்டும் சொத்து வரியை அப்படியே உறைய வைத்துவிடுவார்கள்; புதுக் கட்டடம் வந்து மதிப்பு ஏறியபின் கூடுதலாகக் கிடைக்கும் சொத்து வரி முழுவதும், அங்கே கூடுதலாக வசூலாகும் உள்ளூர் விற்பனை வரியில் பாதியும், மிசௌரி சட்டப்படி 23 ஆண்டுகள் வரை ஒரு தனி நிதிக்குப் போய், இடிப்பு, சாலை, வாகன நிறுத்தகம் போன்ற செலவுகளை அடைக்கும். பணத்தை முன்கூட்டி யாரும் கையில் கொடுப்பதில்லை.

பெரியப்பா: நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் உறைய வைக்கும் அந்த அடிப்படை மதிப்பை எந்த ஆண்டில் எடுக்கிறார்கள்? மால் செழித்திருந்த ஆண்டிலா, கடைகள் காலியாகி மதிப்பு தரைமட்டத்துக்கு வந்த ஆண்டிலா?

முரளி அத்தான்: திட்டம் ஒப்புதல் பெறும் சமயத்து மதிப்புதான், பெரியப்பா. ஆகவே தாழ்ந்திருந்த மதிப்பு.

பெரியப்பா: அப்படியானால் ‘கூடுதல்’ என்ற சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. புதுக் கட்டடத்தால் வருவது ஒன்று. யார் எதைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் விலைவாசியோடு நிலமதிப்பு தானாக ஏறி வருவது இன்னொன்று. இரண்டாவதும் அந்த நிதிக்குப் போகிறது என்றால், அந்த அளவுக்கு அது ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்ச் சேர வேண்டிய வரி.

கவிதா அக்கா: இதைத்தான் நான் இரண்டு ஆண்டாக இவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நம் வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. அந்த ‘வேறொருவர்’ பெரும்பாலும் பள்ளிக்கூடம், பெரியப்பா. இங்கே பள்ளிகளை நகராட்சி நடத்துவதில்லை. பள்ளி மாவட்டம் என்ற தனி அமைப்புக்குத் தனி வரி உண்டு. எங்கள் ஊரில் பார்க்வே, ராக்வுட் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன, சொத்து வரியில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான் சேருகிறது.

அம்மா: அங்கே வீடுகள் கட்டினால் குடும்பங்கள் வரும், குடும்பங்கள் வந்தால் குழந்தைகள் வரும். அந்தக் குழந்தைகளுக்கு ஆசிரியர் சம்பளத்தை யார் கொடுப்பார்கள்?

கவிதா அக்கா: மற்ற தெருக்களில் இருக்கும் நாங்கள்தான் அம்மா. இன்னொன்றும் உண்டு. மிசௌரியில் வணிகச் சொத்தின் சந்தை மதிப்பில் 32 விழுக்காட்டுக்கு வரி போடுகிறார்கள், குடியிருப்புக்கு 19 விழுக்காட்டுக்குத்தான். அடுக்குமாடி வாடகை வீடுகளும் குடியிருப்புக் கணக்கில்தான் வரும். கடை இருந்த இடத்தில் வீடு வந்தால், அதே மதிப்புக்குப் பள்ளிக்குக் கிடைப்பது 23 ஆண்டுகள் கழித்தும் குறைவாகவே இருக்கும்.

முரளி அத்தான்: அதே மதிப்புக்கு என்கிறாய். செத்த மால் ஒன்றும் அதே மதிப்பில் நிற்கப் போவதில்லையே. உதவி இல்லாவிட்டால் அந்த இடத்தில் நியாயமான எதிர்பார்ப்பில் எந்த வளர்ச்சியும் வராது என்று நகர்மன்றம் முதலில் முடிவுக்கு வர வேண்டும் என்பது சட்டம். 1993 ஜூலை வெள்ளத்தில் மிசௌரி ஆற்றின் கரை உடைந்து, இங்குள்ள பள்ளத்தாக்குப் பகுதி முழுவதும் முங்கிப்போனது, பெரியப்பா. மறு ஆண்டு இதே டிஃப் முறையில் நிதி திரட்டிக் கரையை உயர்த்தினார்கள். காமன்ஸ் என்ற நீண்ட கடை வளாகம் வந்தது. கெடுவுக்கு முன்பாகவே கடன் அடைந்து, முழு வரியும் பள்ளிக்குத் திரும்பியது. அப்போது யாரும் குறை சொல்லவில்லை.

பெரியப்பா: வெள்ளக் கரை பொதுச் சொத்து, மாப்பிள்ளை. வாகன நிறுத்தகத்தை நான் அதே வரிசையில் வைக்கமாட்டேன்.

கவிதா அக்கா: கதையின் மறுபாதியையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் காமன்ஸுக்கு வண்டி போகத் தொடங்கிய பிறகுதான் மாலுக்குப் போன வண்டிகள் குறைந்தன. 2013 ஆகஸ்டில் அதே பள்ளத்தாக்கில், ஒரே மாதத்தில், இரண்டு தள்ளுபடி மால்கள் ஒன்றுக்கொன்று போட்டியாகத் திறந்தன. மாலின் முதுகெலும்பு அப்போதே முறிந்துவிட்டது என்பது என் எண்ணம். காமன்ஸைக் கட்டிய டி.எச்.எஃப். நிறுவனத்தின் கூட்டாளிகளில் ஒருவராக இருந்த மைக்கேல் ஸ்டேன்பர்க்கின் நிறுவனம்தான் இப்போது இந்த மால் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது. சட்டத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை, அவர் வணிகர், வணிகத்தைச் செய்கிறார். ஆனால் முதல் வரிச் சலுகையில் எழுந்த கடைகள் காலி செய்த இடத்தை நிரப்ப இரண்டாவது வரிச் சலுகை தேவைப்படுகிறது என்பதை நகர்மன்றத்தில் யாராவது ஒருமுறை உரக்கச் சொல்லியிருக்கலாம்.

அருண் அண்ணா: இப்போதுதான் பார்த்தேன். அக்கா சொல்வது செஸ்டர்ஃபீல்டுக்கு மட்டும் உரிய கதையில்லை. செயின்ட் லூயிஸ் வட்டாரத்தைப் பற்றி ஈஸ்ட்-வெஸ்ட் கேட்வே என்ற வட்டார மன்றம் 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டது: சுமார் 20 ஆண்டுகளில் 580 கோடி டாலருக்கு மேல் வரிப்பணம் இப்படித் திருப்பி விடப்பட்டிருக்கிறது, அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் சில்லறை வணிகத்துக்குப் போயிருக்கிறது, ஆனால் வட்டாரம் முழுவதுமாகப் பார்த்தால் சில்லறை வணிக வேலைகள் சொல்லும்படி கூடவில்லை. செயின்ட் லூயிஸ் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) ஒன்றிலேயே எண்பதுக்கும் மேற்பட்ட நகராட்சிகள். அடுத்த ஊர்க் கடையைத் தன் ஊருக்கு இழுத்தால் விற்பனை வரி வரும் என்று ஒவ்வொன்றும் பக்கத்து ஊரோடு போட்டி போட்டால், வாங்கும் மக்கள் அதே மக்கள்தானே!

பெரியப்பா: உங்கள் நியூஜெர்சியில் எப்படி, அருண்?

அருண் அண்ணா: இங்கே ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் அமெரிக்கன் ட்ரீம் மாலுக்கு 2017இல் சுமார் 110 கோடி டாலர் கடன் பத்திரங்கள் விற்றார்கள் அப்பா. சொத்து வரிக்குப் பதிலாக மால் கட்ட வேண்டிய தொகையை நம்பி 80 கோடி, மாநில மானியத்தை நம்பி மீதி. வேடிக்கை என்னவென்றால், பத்திரத்தை வெளியிட்டது விஸ்கான்சினில் உள்ள ஒரு பொது அமைப்பு. 2019 அக்டோபரில் மால் திறந்தது, சில மாதங்களில் கொரோனாவில் மூடிற்று. அந்த நட்டம் பத்திரம் வாங்கியவர்களின் தலையில் விழும்படிதான் ஏற்பாடு என்றாலும், அவ்வளவு பெரிய கட்டடத்திடமிருந்து வழக்கமான சொத்து வரி ஊருக்கு வராது என்பது வராததுதான்.

முரளி அத்தான்: எங்கள் ஊரிலும் நகராட்சியின் பொது நிதி இதற்குப் பிணையாக நிற்கவில்லை, அதையும் சேர்த்துப் பாருங்கள். வரி வந்தால்தான் கடன் அடையும். வராவிட்டால் இழப்பு கடன் கொடுத்தவருக்கு.

பெரியப்பா: எந்த மாநிலமாவது ‘போதும்’ என்று நிறுத்தியிருக்கிறதா?

அருண் அண்ணா: இதை 1952இல் தொடங்கி வைத்த கலிஃபோர்னியாவே நிறுத்தியது. மாநிலச் சொத்து வரியில் ஏறத்தாழ 12 விழுக்காடு, இந்த முறையில் வரியைப் பெற்ற நகர மறுசீரமைப்பு முகமைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பள்ளிகளுக்குக் குறைந்த தொகையை மாநில அரசு தன் கையிலிருந்து ஈடுகட்டி வந்தது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2011இல் சட்டம் கொண்டுவந்து, 2012 பிப்ரவரி 1ஆம் தேதி சுமார் 400 முகமைகளும் கலைக்கப்பட்டன.

பெரியப்பா: ஈடுகட்டும் சுமை தன் தலையில் விழுந்ததால்தான் மாநிலத்துக்கு வலித்திருக்கிறது. கவிதா, உன் வீட்டுச் சொத்து வரிச் சீட்டு வந்துவிட்டதா? டிசம்பர் 31க்குள் கட்ட வேண்டும் என்று முன்பு சொன்ன நினைவு. யார் யாருக்கு எவ்வளவு என்ற பகுதியை மட்டும் வரிசையாக எழுது, தொகை வேண்டாம்.

கவிதா அக்கா: வந்துவிட்டது பெரியப்பா. பள்ளி மாவட்டம், சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கான பள்ளி மாவட்டம், சமுதாயக் கல்லூரி, நூலகம், கவுண்டி, விலங்குக் காட்சிசாலையும் அருங்காட்சியகங்களும், கழிவுநீர் வாரியம், மோனார்க் தீயணைப்பு மாவட்டம், மாநிலம்.

பெரியப்பா: செஸ்டர்ஃபீல்டு நகராட்சி எந்த வரிசையில் இருக்கிறது?

கவிதா அக்கா: இல்லை. எங்கள் நகராட்சி சொத்து வரியே போடுவதில்லை, விற்பனை வரியில்தான் ஓடுகிறது.

பெரியப்பா: ஆகவே, விட்டுக்கொடுக்கும் சொத்து வரியில் காசு இழக்காத ஒரே அமைப்புதான் விட்டுக்கொடுக்க முடிவெடுத்திருக்கிறது. மாப்பிள்ளை, இந்த வரிசையில் உள்ளவர்களிடம் யாராவது கேட்டார்களா?

முரளி அத்தான்: கேட்டார்கள் பெரியப்பா. டிஃப் திட்டங்களைப் பரிசீலிக்கும் ஆணையத்தின் 12 உறுப்பினர்களில் பள்ளிகளுக்கு இரண்டு இடம், மற்ற வரி அமைப்புகள் அனைத்துக்கும் சேர்த்து ஒன்று. ஆணையம் வேண்டாம் என்றாலும் நகர்மன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு மேலே போகலாம். ஆனால் எங்கள் கவுண்டியில் 2016 முதல், அப்படிப் போனால் இடிப்பதற்கும் நிலத்தைச் சீர்செய்வதற்கும் மட்டுமே பணம் எடுக்க முடியும். தீயணைப்பு மாவட்டத்துக்கு மட்டும் இழப்பில் பாதிக்குக் குறையாமல் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அம்மா: தீயணைப்புக்காரர்களுக்கு எழுதிய அந்த வரியைப் பள்ளிக்கும் எழுதியிருக்கக் கூடாதா?

முரளி அத்தான்: இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை அத்தை. அந்த இடத்தில் கவிதா சொல்வதுதான் சரி.

கவிதா அக்கா: இந்தச் செய்தியை நான் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.