அமைச்சரை நீக்குறது ஆர்: முதலமைச்சரோ, ஆளுநரோ?

கச்சேரியடி:
மாகாண சபைத் திரியில வல்லைவெளி நேற்று எழுதினது இது: "நிறைவேற்று அதிகாரம் முதலமைச்சரிடம்தான். ஆளுநர் ரப்பர் முத்திரை. டெனீஸ்வரனை நீக்க விக்னேஸ்வரனின் கடிதமே போதும், நீதிமன்றம்தான் குழப்பியது."

இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாது. விக்னேஸ்வரன் அப்ப வடமாகாண முதலமைச்சர், டெனீஸ்வரன் அவற்ற வாரியத்தில அமைச்சர். அரசியலமைப்பின்ர 154இ உறுப்புரையை ஒருக்கா வாசியுங்கோ. மாகாணத்தின்ர நிறைவேற்று அதிகாரத்தைப் பிரயோகிக்கிறவர் ஆளுநர். நேரடியாக, அல்லது அமைச்சர் வாரியத்தின் அமைச்சர்கள் ஊடாக, அல்லது தனக்குக் கீழான உத்தியோகத்தர் ஊடாக. அடுத்தது 154ஊ(5): முதலமைச்சரின்ர ஆலோசனையின் மேல் மற்ற அமைச்சர்களை நியமிக்கிறவர் ஆளுநர். நியமிக்கிற அதிகாரத்துக்குள்ள நீக்குற அதிகாரமும் அடக்கம் எண்டு பொருள்கோடல் கட்டளைச் சட்டம் 14ஆம் பிரிவு சொல்லுது. ஆக, கடிதம் போகவேண்டிய இடம் ஆளுநர் செயலகம். 2017 ஓகஸ்ட்டில் நீக்கம் வந்தது முதலமைச்சரின்ர கையெழுத்தோட. அங்கதான் பிழைச்சது.

வல்லைவெளி:
154ஊ(1) ஐ ஏன் விட்டீர்கள் அண்ணை? ஆளுநர் வாரியத்தின் ஆலோசனைக்கு இணங்கவே செயற்படல் வேண்டும் என்று இருக்கிறது. "செயற்படலாம்" அல்ல, "வேண்டும்". மறுக்க முடியாதவருடைய கையில் இருப்பது அதிகாரமா? மக்கள் வாக்களித்தது யாருக்கு? 2013 செப்டெம்பர் 21இல் வடக்கில் 38 ஆசனத்தில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தார்கள். ஆளுநருக்கு எத்தனை வாக்கு?

கச்சேரியடி:
வாக்குக் கணக்கு நான் கேட்கேல்லை. கையெழுத்து ஆர்ர எண்டு கேட்டன்.

154ஊ(1) ஐப் பாதியில வெட்டிப்போட்டு வராதேங்கோ. அதே வசனத்தில "தற்றுணிபின்படி செய்யவேண்டியவை தவிர" எண்டு இருக்கு. தற்றுணிபு எண்டால் வாரியத்தின்ர ஆலோசனை இல்லாமல் ஆளுநர் தானாக எடுக்கிற முடிவு. (2) என்ன சொல்லுது? ஒரு விடயம் தற்றுணிபுக்குள்ள வருதோ இல்லையோ எண்ட கேள்வி வந்தால் ஆளுநர் எடுக்கிற முடிவே முடிந்த முடிவு, எந்த நீதிமன்றத்திலயும் கேள்விக்குட்படுத்த ஏலாது. அந்தத் தற்றுணிபை அவர் ஜனாதிபதியின்ர பணிப்பின்படிதான் பிரயோகிக்க வேணும். இப்பிடி ஒரு ஏற்பாடு இருக்கேக்க "ரப்பர் முத்திரை" எண்டு எழுதுறது வாசிக்கிற பெடியளை ஏமாத்திற வேலை.

வல்லைவெளி:
அமைச்சரை நீக்குவது தற்றுணிபு என்று எந்த வரியில் இருக்கிறது? காட்டுங்கள். தற்றுணிபு இல்லையென்றால் ஆலோசனை கட்டுப்படுத்தும். கட்டுப்படுத்தினால் நீக்கியவர் முதலமைச்சர். சபையைக் கலைப்பதும் அப்படித்தான்: பெரும்பான்மை இருக்கும் வரை முதலமைச்சரின் ஆலோசனைப்படியே ஆளுநர் கலைக்க வேண்டும் என்று 154ஆ(8) சொல்கிறது.

கச்சேரியடி:
தற்றுணிபு எண்டு நான் சொல்லவே இல்லை. ஆலோசனை கட்டுப்படுத்தும், சரி. ஆனால் ஆலோசனை ஆளுநருக்குக் குடுக்க வேணும்! கலைக்கிறதுக்கு நீங்கள் காட்டின உறுப்புரையிலயும் கலைக்கிறவர் ஆளுநர்தானே? முதலமைச்சர் தானே ஒரு கடிதம் எழுதிச் சபையைக் கலைக்க ஏலுமோ? அதே மாதிரித்தான் இதுவும்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018 ஜூன் 29 இடைக்காலக் கட்டளையில அந்த நீக்கத்தை நிறுத்தி வைச்சது. 2019 ஓகஸ்ட் தீர்ப்பில நீக்கம் சட்டவிரோதம் எண்டது. முதலமைச்சருக்கு அந்த அதிகாரம் இல்லை எண்டதுதான் விடயம்.

கல்லடிப்பாலம்:
இரண்டு பேரும் வடக்கையே கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆளுநரின் பலம் தெரிய வேண்டுமென்றால் கிழக்கைப் பாருங்கள். 2012இல் 37 ஆசனம்: ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1. ஒரு கட்சிக்கும் பாதிக்கு மேல் இல்லை. அப்படியானால் 154ஊ(4) இன்படி, பெரும்பான்மை ஆதரவு யாருக்கு என்பது ஆளுநரின் அபிப்பிராயம். வடக்கில் 30 ஆசனம் எடுத்த கட்சிக்குச் சபையில் தலைவராக இருப்பவரை நியமித்தே ஆகவேண்டும், ஆளுநருக்கு வேறு வழி கிடையாது. ஒரே சட்டம், இரண்டு மாகாணம், இரண்டு விதமான ஆளுநர்.

வல்லைவெளி:
கிழக்கில் 11 ஆசனத்தை வைத்துக்கொண்டு 2015இல் முதலமைச்சர் பதவியை முஸ்லிம் காங்கிரஸுக்கு விட்டுக்கொடுத்தவர்கள் வடக்குக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கல்லடிப்பாலம்:
விட்டுக்கொடுத்ததால்தான் கல்வியும் விவசாயமும் எங்கள் கைக்கு வந்தது. நீங்கள் 30 ஆசனத்தோடு உங்களுக்குள்ளேயே அமைச்சர்மாரை விசாரித்து அடிபட்டு ஐந்து வருடத்தை முடித்தீர்கள். இதைச் சொன்னால் மட்டும் கோபம் வருகிறது.

கச்சேரியடி:
கிழக்குக் கதைக்கு வேற திரி தொடங்குங்கோ. இஞ்ச கேள்வி ஒண்டுதான்: நீக்கினது ஆர்?

கணக்கைப் பாருங்கோ. 154ஊ(1) முதலமைச்சரையும் நாலு பேருக்கு மேற்படாத அமைச்சர்களையும்தான் அனுமதிக்குது. ஒன்றும் நாலும் அஞ்சு. 2017இல புது ஆக்களைப் போட்டு நாலு கதிரையும் நிரப்பியாச்சு. 2018 ஜூன் 29 கட்டளைக்குப் பிறகு, நீக்கப்பட்ட டெனீஸ்வரனும் அமைச்சர். ஆறு பேர்! ஆறு பேரோட கூடுற வாரியம் அரசியலமைப்புக்கு முரண். அவரை விட்டிட்டுக் கூடினால் நீதிமன்றக் கட்டளைக்கு முரண். ஆளுநர் கூரே "முதலமைச்சர் ஆலோசனை தரட்டும்" எண்டார். முதலமைச்சர் "நியமிச்சவர் ஆளுநர், அவரே பார்க்கட்டும்" எண்டார். அதோட 2018 ஒக்டோபர் 24 சபையின்ர ஆயுளும் முடிஞ்சுது. முதல் நாளே ஆளுநருக்கு ஆலோசனைக் கடிதம் போயிருந்தால் இந்த ஆறாவது ஆள் வந்திருக்க மாட்டார்.

வல்லைவெளி:
"நியமிச்சவர் ஆளுநர்" என்று முதலமைச்சரே சொன்னதாக நீங்களே எழுதுகிறீர்கள். அப்போ குழப்பியது ஆளுநர்தானே?

கச்சேரியடி:
அப்ப நீக்குற அதிகாரம் ஆளுநரிட்ட எண்டு ஒத்துக்கொள்ளுறீங்களோ?

வல்லைவெளி:
இல்லை.

சொற்கொத்தன்:
"ஆலோசனையின் மேல்" என்பது வேறு, "ஆலோசனைக்கு இணங்க" என்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லாகப் பாவித்து விவாதிக்கிறீர்கள். இதில் தமிழ் உரையை மட்டும் வைத்து அடிபடுவதில் பலன் இல்லை. பாராளுமன்றச் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை (முரண்பாடு) ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும்.

வல்லைவெளி:
எங்கள் மாகாணத்துக்கு வந்த அதிகாரத்தின் அர்த்தத்தைக் கூடச் சிங்கள உரையில்தான் தேட வேண்டும் என்கிறீர்களா? இதற்குத்தான் அதிகாரப் பகிர்வு என்று பெயரா?

சொற்கொத்தன்:
இருப்பதைச் சொன்னேன். அதற்காக என்மேல் பாயாதீர்கள். தமிழ் உரையிலேயே இரண்டு சொல்லையும் நீங்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

கச்சேரியடி:
மொழிச் சண்டைக்குள்ள ஒளியாதேங்கோ. வல்லைவெளி முதலமைச்சரிட்ட இருக்கு எண்டு சொல்லுற அதிகாரம் கந்தோருக்குள்ள எப்பிடி நடக்குது எண்டு பாருங்கோ.

மாகாண அரச உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் 1987ஆம் ஆண்டு 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் 32ஆம் பிரிவின்படி ஆளுநரிட்ட. அவர் விரும்பினால் மாகாண அரச சேவை ஆணைக்குழுவிட்டக் குடுக்கலாம். அந்த ஆணைக்குழுவை நியமிக்கிறதும் அவர்தான். கல்வி அமைச்சர் ஒரு ஆசிரியரை மாத்தச் சொல்லிக் கடிதம் குடுக்கலாம், கட்டளை குடுக்க ஏலாது. பிரதம செயலாளரை நியமிக்கிறது ஜனாதிபதி, முதலமைச்சரின்ர ஒத்திசைவோட (சம்மதத்தோட).

வரி, மாகாண நிதியத்திலிருந்து செலவு, இப்பிடிக் காசு தொட்ட நியதிச்சட்டம் (மாகாண சபை ஆக்கிற சட்டம்) எண்டால் ஆளுநரின்ர விதந்துரை இல்லாமல் சபையில சமர்ப்பிக்கவே ஏலாது, 24ஆம் பிரிவு. வடக்கில முதலமைச்சர் நிதியம் அமைக்க ஏலாமல் போனதை மறந்திட்டீங்களோ? நியதிச்சட்டம் நிறைவேறினாலும் 154ஏ இன்படி ஆளுநரின்ர சம்மதம் வேணும். அவர் திருப்பி அனுப்பலாம். சபை ரெண்டாந்தரம் நிறைவேற்றினால் ஒரு மாதத்துக்குள்ள ஜனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப ஒதுக்கி வைக்கலாம். ரெண்டாந்தரத்துக்கு ஒரு மாதம் எண்டு இருக்கு, முதல்தரம் திருப்பி அனுப்ப "இயன்ற விரைவில்" மட்டும்தான். நாள் கணக்கு இல்லை. கோப்பு மேசையில கிடக்கிறது அந்த ஓட்டைக்குள்ளாலதான்.

வல்லைவெளி:
நீங்கள் எழுதியது முழுவதும் ஆளுநருக்குப் புகழ்மாலை. 2012இல் மத்திய அரசு கொண்டுவந்த, மாகாண சபைகளின் கருத்தைக் கேட்கவேண்டியிருந்த திவிநெகும சட்டமூலத்தை மறந்துவிட்டீர்கள். வடக்கில் சபையே இல்லாத நேரம் ஆளுநர் சபைக்குப் பதிலாகச் சம்மதம் கொடுத்தார். அது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஆளுநர் சபை அல்ல.

கச்சேரியடி:
புகழ்மாலையோ? ஆளுநருக்கு இவ்வளவு குடுத்து வைச்சிருக்கிறது அநியாயம் எண்டுதான் நானும் சொல்லுறன். அநியாயத்தை இல்லை எண்டு மறைச்சுப்போட்டு "முதலமைச்சரிட்ட எல்லாம் இருக்கு" எண்டால், மாத்தவேணும் எண்டு எதை வைச்சுக் கேட்பீங்கள்? திவிநெகும சபையின்ர கருத்தை ஆர் சொல்லுறது எண்ட கேள்வி. அமைச்சரை நீக்குறது நிறைவேற்று அதிகாரம். ரெண்டையும் குழப்பாதேங்கோ. 154ஊ(5), நியமிக்கிறவர் ஆளுநர், நீக்குறவரும் ஆளுநர்.

கல்லடிப்பாலம்:
இப்போது எந்த மாகாணத்திலும் சபையும் இல்லை, வாரியமும் இல்லை. 2017ஆம் ஆண்டு 17ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தோடு எல்லாம் நின்றது. அந்தச் சட்டத்துக்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது, தேர்தலும் நடக்கவில்லை. அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

வல்லைவெளி:
அந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்தியவர்கள் யார் என்று கிழக்கில் கேளுங்கள்.

கல்லடிப்பாலம்:
வடக்கு எம்பிமாரும்தான் உயர்த்தினார்கள். பெயர் சொல்லவா?

கச்சேரியடி:
வல்லைவெளி, நீக்கல் தற்றுணிபு இல்லை, ஆலோசனை கட்டுப்படுத்தும், ரெண்டையும் நான் ஒத்துக்கொண்டாச்சு. நீக்கல் கடிதத்தில கையெழுத்து ஆர்ர இருக்கவேணும்? ஒரு பெயர் சொல்லுங்கோ.

வல்லைவெளி:
முதலமைச்சருடையது.