புதுப்பிப்பு: கிராமப்புறக் குடும்ப மருத்துவப் பயிற்சித் திட்டம்

கிராமப்புற மருத்துவர் பற்றாக்குறையைத் தணிக்கக் குடும்ப மருத்துவ உறைவிடப் பயிற்சியொன்றை (மருத்துவப் பட்டம் பெற்றபின் மருத்துவமனையில் பணியாற்றியபடியே பெறும் சிறப்புப் பயிற்சி) தொடங்க முயல்வதாகச் சில மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். திட்டம் இப்போது ஓரளவு உருப்பெற்றிருக்கிறது. அமெரிக்காவில் 1980களிலிருந்து நடைமுறையில் உள்ளதைப்போல, 3 ஆண்டுப் பயிற்சியில் முதலாண்டைப் பெரிய மருத்துவமனையிலும், எஞ்சிய 2 ஆண்டுகளைச் சிற்றூரிலும் நடத்தவிருக்கிறோம். பயின்ற இடத்துக்கு அருகிலேயே பலர் பணியில் நிலைத்துவிடுகிறார்கள் என்பதே இதற்கு அடிப்படை.

நிதியைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். என் கவலையெல்லாம் பிரசவப் பயிற்சியைப் பற்றித்தான். நள்ளிரவில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும்போது, உதவிக்கு அழைக்க வேறு மருத்துவர் இல்லாத ஒருவருக்குப் பழகிய கைகளே துணை. சிற்றூரிலோ பிரசவங்கள் குறைவு. ஆகவே, இரண்டாம் ஆண்டிலும் சில வாரங்கள் பயிற்சி மருத்துவர்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பத் தீர்மானித்துள்ளோம். வழிகாட்ட மூத்த மருத்துவர்கள் இருவர் இசைந்துள்ளனர், மூன்றாமவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.