கணக்கு போட்டாச்சு, எழுதி வச்சா ஒருத்தனுக்கும் மனசிலாவல. எப்படி எழுதணும்?

களியக்காவிளைக்காரன்:
ஒரு சம்சயம் மக்களே. நான் வீட்டுல வச்சு டியூசன் எடுக்கேன், பாறசாலையில இருந்தும் பிள்ளைய வரும் மார்த்தாண்டத்துல இருந்தும் வரும். அதுல ஒரு பிளஸ் ஒன் பய ஒலிம்பியாட் பைத்தியம். 1988 ஐஎம்ஓ, அதான் சர்வதேச கணித ஒலிம்பியாட், அதுல ஆறாவது கணக்கு தெரியும்லா, ஏ, பி ரெண்டும் பாசிட்டிவ் முழு எண், ஏ²+பி²ஐ ஏபி+1 மிச்சமில்லாம வகுத்தா ஈவு முழு வர்க்கம்தான்னு நிரூபிக்கணும். அந்த வருசம் இந்தக் கணக்குக்கு மொத்தமே 11 பேருதான் முழு மார்க் வாங்கினாவ. இவன் போட்டுட்டான், வாயால சொல்லும்போ எனக்கு நல்லா மனசிலாச்சு. ஆனா எழுதிட்டு வந்தது நாலு பக்கம், முதல்ல ஒத்தைப்படை இரட்டைப்படை பாத்து தோத்த கதை, பொறவு ஒரு டேபிள், மூணாம் பக்கத்துல சட்டுன்னு சி-ன்னு ஒண்ணு வருது, அது ஆருன்னே சொல்லல. கேட்டா "நான் இப்படித்தானே சாரே கண்டுபிடிச்சேன்"ங்கான். என்ன சொல்ல அவன்ட்ட?

நாகர்கோவில்_ரிட்டயர்டு:
தோத்ததெல்லாம் ரஃப் நோட்டுல கெடக்கட்டும்னு சொல்லும். முதல் வரியிலயே ஈவுக்கு கே-ன்னு பேரு வைக்கணும், கே வர்க்கம் இல்லன்னு வச்சுக்கிட்டு, அதே கே தாற ஜோடிகள்ல ஏ+பி ஆகச் சின்னதை எடுக்கணும், ஏ ≥ பி. அப்பம் எக்ஸ்² − கேபிஎக்ஸ் + பி² − கே = 0ங்கிற சமன்பாட்டுக்கு ஏ ஒரு மூலம், இன்னொண்ணுதான் சி. இப்பம் சி ஆருன்னு தெரிஞ்சு போச்சு. சி = கேபி − ஏ, அதனால முழு எண். சி = (பி² − கே)/ஏ, கே வர்க்கம் இல்லாததால பூச்சியம் ஆகாது, ஏ ≥ பி-ங்கிறதால ஏ-யை விடச் சின்னதும் கூட. சி, பி வச்சா கூட்டுத்தொகை இன்னும் கொறையுது, முரண்பாடு, முடிஞ்சு. ஒரு இடம் மட்டும் பயலுவ எல்லாரும் தாண்டிக் குதிப்பானுவ, சி ஏன் நெகட்டிவ் இல்ல? சி²+பி² = கே(சிபி+1), இடப்பக்கம் பாசிட்டிவ், அப்பம் சிபி+1ம் பாசிட்டிவ், தீந்தது. அந்த ஒரு வரியை விட்டா முழு மார்க் 7 கிடைக்காது பாத்துக்கிடும்.

வேலந்தாவளம் குமார்:
சார் சொல்றது பரீட்சைக்குச் சரிங்க. ஆனா அதைப் படிக்கிற பையனுக்கு அந்த சமன்பாடு வானத்துல இருந்து விழுந்த மாதிரி இருக்குமுங்க, ஒவ்வொரு வரியும் சரின்னு ஒத்துக்குவான், கடைசில ஒண்ணும் பிடிபட்டிருக்காது. அந்த டேபிளைத் தூக்கிப் போட்டுறாதீங்க, ஒரே வரி மட்டும் மேல வைங்க. 30, 8 எடுத்தா 964ஐ 241ஆல வகுக்கணும், ஈவு 4. பி-யை 8லயே நிறுத்தி இன்னொரு மூலம் பார்த்தா 32 − 30 = 2. அடுத்து 8, 2, அதுக்கும் 4தான். இன்னொரு தடவை எறங்குனா 2, 0. பூச்சியம் வந்துட்டா ஈவு 2², அவ்வளவுதாங்க. இதைப் பார்த்தவனுக்கு சமன்பாடு ஏன் வருதுன்னு தானா தெரியும்.

செங்கோட்டை அண்ணாச்சி:
குமார் தம்பி சொல்லுதது நம்ம மலைக்கு அந்தப் பக்கம் பழைய வழக்கம்தான். கேரளத்துக் கணித அறிஞர் நீலகண்டர் 1501ல தந்திரசங்கிரகம்ங்கிற வானியல் நூலை சுலோகமா சுருக்கி வச்சாரு, விதி மட்டும், காரணம் கெடையாது. பொறவு அதே வழியில வந்த ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷைங்கிற நூல்ல அதையெல்லாம் மலையாள உரைநடையில ஏன் எதுக்குன்னு விரிச்சு எழுதினாரு, கூடவே அவங்களுக்கு முந்தின மாதவரோட 1 − 1/3 + 1/5 − … தொடர் பை/4க்கு எப்படி வருதுங்கதையும். பயலுக்கு ரெண்டும் வேணும், ஆனா ஒரே தாள்ல கலக்கக் கூடாது.

களியக்காவிளைக்காரன்:
எல்லாரும் சொன்ன மாதிரி திருத்தி ஒண்ணரைப் பக்கத்துல கொண்டு வந்துட்டான். இந்தக் கணக்கையே பாக்காத பாறசாலை பிள்ள ஒருத்திட்ட படிக்கக் குடுத்தேன். சி வரைக்கும் தடையில்லாம போனா, அவ நின்னது "ஆகச் சின்ன ஜோடி ஒண்ணு இருக்கும்னு ஆரு சொன்னா"ங்கிறதுல. பய முழிக்கான்.

நாகர்கோவில்_ரிட்டயர்டு:
கெட்டிக்காரிதான். ஏ+பி பாசிட்டிவ் முழு எண்ணுல்லா, அந்தக் கூட்டத்துல சின்னது ஒண்ணு கட்டாயம் உண்டு. அதையும் ஒரு வரியா எழுதச் சொல்லும்.