சிவம் சேர் கொப்பி பண்ணின 7 டிஸ்க்

குரூப்: உவர்மலை ஒழுங்கை ஆக்கள்

சனி, பின்னேரம் 4:50

சிவம் சேர்: பிள்ளையள், கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது நிக்கிறியளோ. எங்கட சனசமூக நிலையத்துக்கு வந்த 6 பழைய மெசினுக்கும் போட எண்டு தர்ஷன் லினக்ஸ் மின்ட் எண்டு விண்டோஸ் மாதிரி ஒரு இலவச ஒபரேட்டிங் சிஸ்டம் டிவிடி தந்தவன், ஒண்டை வச்சு ஆறையும் செய்ய நாள் போகும் எண்டு காலமை இருந்து 4 கொப்பி அடிச்சன், ஒண்டும் ஸ்டார்ட் ஆகுதில்லை. கறுப்பு ஸ்கிரீன்ல இங்கிலீசில ஒரு வரி வந்திட்டு சும்மா நிக்குது

கலா அக்கா: சேர் 9 மணிக்கு நிலையத்து திறப்பு வாங்கினவர், இன்னும் திருப்பித் தரேல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரேல்ல எண்டு வீட்டில தேடுறா

சிவம் சேர்: சாப்பிட்டன் கலா, பணிஸ் ஒண்டு

நிரோஜன்: சேர் இப்ப ஆர் டிவிடி பாவிக்கிறது, பென்ட்ரைவில போடுங்கோ 5 நிமிசம்

சிவம் சேர்: தம்பி அந்த மெசின் உனக்கு அண்ணா வயசு. ரெண்டு மெசின் பென்ட்ரைவைக் கண்டு கொள்ளவே இல்லை, முன்னுக்கு இருக்கிற யூஎஸ்பி ஓட்டை எல்லாம் துரு. என்னட்ட 25 டிஸ்க் வாற டப்பா ஒண்டு உடைக்காமல் கிடந்தது, அதை என்ன செய்ய

பவானி ரீச்சர்: சேர் ஒரிஜினல் வேலை செய்யுதோ முதல்ல?

சிவம் சேர்: ஒரிஜினல் வடிவா வேலை செய்யுது, அதுதானே விசரா இருக்கு. உள்ளுக்க இருந்த பைல் ஒண்டு விடாமல் எல்லாத்தையும் செலெக்ட் பண்ணி டெஸ்க்டொப்பில போட்டு பிறகு புது டிஸ்க்கில போட்டனான், எண்ணியும் பாத்தன், எண்ணிக்கை சரி

தர்ஷன்: மாமா இப்பதான் வேலையால வாறன், முகம் கழுவிட்டு வந்து சொல்லுறன், அடுத்த டிஸ்க்கில கை வைக்காதேங்கோ

சிவம் சேர்: சரி தம்பி

தர்ஷன்: மாமா இதில பிழை விடாத ஆளே இல்லை, நானும் முதல்ல இதைத்தான் செய்தன். டிஸ்க்கைத் திறந்தா எங்களுக்குத் தெரியிறது பைலும் போல்டரும், ஆனா எங்க இருந்து தொடங்கிறது எண்ட தகவல் பைலா இல்லை, டிஸ்க்கில ஒரு குறிச்ச இடத்தில இருக்கு. டேட்டா டிஸ்க்கை 2048 பைட் 2048 பைட்டா கட்டம் கட்டமாப் பிரிச்சிருக்கும், செக்டர் எண்டு சொல்லுறது. பூச்சியத்தில இருந்து எண்ணினா முதல் 16 கட்டமும் ஒதுக்கி விட்ட இடம், 16ஆம் நம்பரில டிஸ்க்கின்ட பேர் விபரம், 17ஆம் நம்பரில பூட் ரெக்கோர்ட், அதாவது ஸ்டார்ட் பண்ணுறதுக்கான குறிப்பு. மெசின் ஓன் ஆனதும் பயோஸ், அதான் மெசினுக்குள்ள முதல்ல எழும்பிற குட்டிப் புரோகிராம், உங்கட பைலைத் தேடாது, நேர அந்த 17க்குப் போகும், அங்க பூட் கட்டலொக் எண்ட ஸ்டார்ட் பட்டியல் எந்தக் கட்டத்தில இருக்கு எண்டு எழுதியிருக்கும், அதைப் பிடிச்சுத்தான் மிச்ச வேலை. நீங்க பைலை இழுத்துப் போட்டீங்கள், 17 பழைய டிஸ்க்கிலயே நிண்டுட்டுது

சிவம் சேர்: ஓஹோ. வீட்டுச் சாமான் முழுக்க லொறியில ஏத்திட்டு வாசல் கதவை விட்டுட்டு வந்த கணக்கு

பவானி ரீச்சர்: 90ல சண்டைக்கு இடம்பெயரேக்க நாங்க மற்றப்பக்கம் சேர். சாமானை விட்டுட்டு கதவைப் பூட்டித் திறப்போட ஓடினாங்கள். திரும்பி வரேக்க கதவும் இல்லை

கலா அக்கா: எங்கட வீட்டு நிலையைக்கூட கழட்டிட்டாங்கள் ரீச்சர்

தர்ஷன்: இந்த ஏற்பாட்டுக்குப் பேர் எல் டொரிட்டோ, 1995ல ஐபிஎம்மும் பீனிக்ஸ் எண்ட பயோஸ் கம்பனியும் சேர்ந்து எழுதினது. அதுக்கு முதல் சீடில இருந்து மெசினை ஸ்டார்ட் பண்ண ஒரு பொது முறை இல்லை, ப்ளொப்பி போட்டுத்தான் தொடங்கவேணும். ரெண்டு இஞ்சினியர்மார் சாப்பிடப் போன கடையின்ட பேரைத்தான் வச்சவை எண்டு ஒரு கதை இருக்கு

நிரோஜன்: அப்ப நாங்க கண்டுபிடிச்சா கொத்துரொட்டி எண்டு வைக்கலாம்

சிவம் சேர்: சரி கொத்தை விடு, இப்ப செய்யிறது என்ன?

தர்ஷன்: முழு டிஸ்க்கையும் பூச்சியத்தில இருந்து கடைசிக் கட்டம் வரை அப்பிடியே ஒரே பைலா எடுக்கவேணும், அதுதான் ஐஎஸ்ஓ. உங்கட லப்டொப்பில இம்ஜ்பேர்ண் எண்டு ஒரு இலவச புரோகிராம் போட்டு விட்டனான், அதில டிஸ்க்கில இருந்து இமேஜ் எடுக்கிற பட்டன் இருக்கு. எடுத்து ஹார்ட்டிஸ்க்கில வையுங்கோ, இனி ஒரிஜினலைத் தொட வேண்டாம், கொப்பி எல்லாம் அந்த ஐஎஸ்ஓவில இருந்துதான்

சனி, இரவு 9:35

சிவம் சேர்: ஐஎஸ்ஓ எடுத்தாச்சு. 3 ஜிபிக்குக் கிட்ட. டிஸ்க்கிலயும் போட்டாச்சு. வேலை செய்யுதில்லை தர்ஷன்

தர்ஷன்: டிஸ்க்கைத் திறந்து பாருங்கோ, உள்ளுக்க என்ன தெரியுது

சிவம் சேர்: நீ சொன்ன அந்த ஐஎஸ்ஓ பைல்தான், ஒண்டே ஒண்டு

தர்ஷன்: மாமாஆஆ

தர்ஷன்: அதை இழுத்துப் போடக்கூடாது, ஐஎஸ்ஓ ஒரு பொதி மாதிரி, பொதியைப் பிரிச்சு உள்ளுக்க இருக்கிறதை கட்டத்துக்குக் கட்டம் டிஸ்க்கில பரப்பவேணும். இமேஜை டிஸ்க்கில எழுதுற பட்டன் வேற. விண்டோஸ் 7ல இருந்து சும்மா ஐஎஸ்ஓவில ரைட் கிளிக் பண்ணினாலே பேர்ண் டிஸ்க் இமேஜ் எண்டு வரும். சரியா எழுதினா திறந்து பாக்கேக்க ஐஎஸ்ஓ தெரியாது, ஒரிஜினலில இருந்த அதே போல்டர் தெரியும்

சிவம் சேர்: 5 டிஸ்க் போச்சு

ரிஸ்வி நானா: அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும், சேர் நான் 2003ல இருந்து டவுன்ல சீடி றைட் பண்ணிக் குடுத்தவன், ஒரு காலத்தில ஒரு நாளைக்கு ஒரு டப்பா முடியும். ஒண்டு கேளுங்க, என்ன ஸ்பீட்ல எழுதுறீங்க?

சிவம் சேர்: 16 எண்டு காட்டுது, அதுதான் கூட எண்டு அதை விட்டன்

ரிஸ்வி நானா: அதான் வேணாம். 4ல இல்லாட்டி 8ல எழுதுங்க, பழைய ட்ரைவ் வேகமா எழுதின டிஸ்க்கை வாசிக்க அல்லாடும், நல்லா எழுதுப்பட்டிருக்கு எண்டு உங்கட ட்ரைவ் சொல்லும் மற்ற மெசின் இல்லை எண்டும். வெரிஃபை எண்ட கட்டத்தில கட்டாயம் சரி போடுங்க, எழுதினதைத் திரும்ப வாசிச்சு ஒப்பிட்டுப் பாக்கும், நேரம் ரெட்டிப்பு ஆகும், ஆகட்டும். மற்றது டிஸ்க் மேல பேனையால எழுதினீங்களா?

சிவம் சேர்: போல்பொயின்ட்டால. 1 2 3 4 எண்டு இலக்கம்

ரிஸ்வி நானா: சீடில அதைச் செய்யவே வேணாம் சேர். எல்லாரும் கீழ்ப்பக்கம் கீறுப்படும் எண்டு பயப்படுவாங்க, ஆனா சீடின்ட வெள்ளிப் படை மேல லேபலுக்கு ஒட்டித்தான் இருக்கு, மேல கீறினா கதை முடிஞ்சுது. டிவிடில ரெண்டு தட்டுக்கு நடுவில இருக்கிறதால கொஞ்சம் தப்பும். இருந்தாலும் மெத்து முனை மார்க்கர்தான் நல்லது. கழுவுறதெண்டா நடுவில இருந்து விளிம்புக்கு நேரா துடைக்கணும், வட்டமா இல்ல

கலா அக்கா: இவர் சீடியை வட்டமாத்தான் சாரத்தில துடைக்கிறவர்

கனடா சித்தப்பா: குட் மோர்னிங். என்ன விசயம் இவ்வளவு மெசேஜ், ஆருக்கும் சுகமில்லையோ

பவானி ரீச்சர்: எல்லாரும் சுகம், சேருக்கு டிஸ்க் மட்டும் சுகமில்லை

ஞாயிறு, காலமை 7:15

தர்ஷன்: மாமா எழுத முதல் ஐஎஸ்ஓ சரியோ எண்டு பாருங்கோ. செர்ட்யூட்டில் எண்ட விண்டோஸ் கட்டளையை நேற்று எழுதித் தந்தனானெல்லோ, அதை அடிச்சா எஸ்எச்ஏ256 எண்டு பைலின்ட கைரேகை மாதிரி 64 எழுத்து வரும். மின்ட் வெப்சைட்டில போட்டிருக்கிற 64 எழுத்தும் அதுவும் ஒண்டா இருக்கவேணும், பைலில ஒரு பிட் மாறினாலும் முழு வரியும் தலைகீழா மாறும்

சிவம் சேர்: தர்ஷன், முதல் எழுத்தே வேற

சிவம் சேர்: 64ல ஒத்துப்போறது நாலோ அஞ்சோதான், அதுவும் தற்செயலா

தர்ஷன்: ம்ம். பைல் சைஸ் வெப்சைட்டில இருந்து டவுன்லோட் பண்ணினதோட ஒப்பிட்டா? என்ட லப்டொப்பில இருக்கிற ஒரிஜினல் சைஸை இன்பொக்ஸில அனுப்புறன்

சிவம் சேர்: பாத்தன். என்ட பைல் 28672 பைட் கூட

சிவம் சேர்: பொறு பொறு

சிவம் சேர்: 28672 ஐ 2048 ஆல வகுத்தா மீதி இல்லாமல் 14. அப்ப கூடினது சும்மா குப்பை இல்லை, சரியா 14 கட்டம். ஏன் 14?

தர்ஷன்: ஹாஹா மாமா இதுக்குத்தான் கணக்கு வாத்தியார் வேணும். டிவிடி 16 செக்டர் ஒரு கட்டாத்தான் எழுதும், பிழை திருத்திற வசதிக்கு. கடைசிக் கட்டு நிரம்பாட்டி வெறும் பூச்சியத்தை வச்சு நிரப்பும். எங்கட ஐஎஸ்ஓ கடைசிக் கட்டில 2 செக்டரோட முடிஞ்சிருக்கு, மிச்சம் 14ம் நிரப்பினது. திரும்ப எடுக்கேக்க அதையும் சேர்த்து எடுத்திட்டுது

சிவம் சேர்: 2 + 14 = 16. அழகு. 32 வருசம் படிப்பிச்சன், வகுத்தல் இப்பிடி ஒரு இடத்தில உதவும் எண்டு ஒரு பெடியனுக்கும் சொல்லேல்ல

தர்ஷன்: வாலை வெட்டிட்டுப் பாத்தா சரியா வரும், பென்ட்ரைவில அந்த பைலைக் கொண்டு வாங்கோ நான் லினக்ஸில வெட்டித் தாறன். வெட்டாமல் எழுதினாலும் பூட் ஆகும், ஆனா ஒத்துப்போச்சு எண்டு கண்ணால கண்டா மனசுக்கு ஆறுதல்

நிரோஜன்: எனக்கு ஒண்டும் விளங்கேல்ல ஆனா சந்தோசம்

ஞாயிறு, 11:20

சிவம் சேர்: வெட்டினம், 64 எழுத்தும் அச்சொட்டு. கண்ணாடி போட்டு ரெண்டு தரம் விரலால தொட்டு வாசிச்சன்

சிவம் சேர்: ஆனா ஒரு சந்தேகம். டப்பாவில 4.7 ஜிபி எண்டு இருக்கு, மெசின் 4.37 எண்டு காட்டுது, கடைக்காரன் ஏமாத்திட்டானோ எண்டு நினைச்சுப் பிறகு கணக்குப் பாத்தன். 4700000000 ஐ 1024 ஆல மூண்டு தரம் வகுத்தா 4.377. அவன் 1000 கணக்கு, மெசின் 1024 கணக்கு

ரிஸ்வி நானா: இதைக் கேட்டு என்னோட சண்டைக்கு வந்த கஸ்டமர் எத்தனை பேர், அப்ப நீங்க பக்கத்தில இருந்திருந்தா நல்லம் சேர்

பவானி ரீச்சர்: என்னட்ட வெறும் சீடி ஒரு கட்டு இருக்கு, 4 சீடில பிரிச்சு எழுதேலாதோ?

தர்ஷன்: ஏலாது ரீச்சர், சீடி 700 எம்பி, ஒரு இமேஜை நாலாக் கிழிச்சா முதல் துண்டில மட்டும்தான் அந்த 17 இருக்கும், மெசின் ஸ்டார்ட் ஆகி நடுவில மற்றத் துண்டைத் தேடி நிண்டுடும்

ஞாயிறு, பின்னேரம் 2:40

சிவம் சேர்: 6ஆவது டிஸ்க் பிழைச்சிட்டுது. 16லயே விட்டுட்டன், பழக்கதோசம், வெரிஃபை 71 வீதத்தில நிண்டு சத்தம் போடுது

ரிஸ்வி நானா: சேர்…

சிவம் சேர்: ஓம் ரிஸ்வி தெரியும் தெரியும். இப்ப 4ல போகுது

சிவம் சேர்: கரண்ட் போச்சு

கலா அக்கா: ஒழுங்கை முழுக்கப் போட்டுது சேர்

சிவம் சேர்: லப்டொப் பற்றரி செத்துப் பல காலம். 7ஆவதும் சரி. றைட் பண்ணேக்க இடையில நிண்டா திரும்ப அதில எழுதேலாதாமே

ரிஸ்வி நானா: ஏலாது, டிவிடி மைனஸ் ஆர் ஒருக்கா சுட்டா சுட்டதுதான். ஆர்டபிள்யூ எண்டாத்தான் அழிச்சு எழுதலாம்

கனடா சித்தப்பா: ஏன் இவ்வளவு கஸ்டம், விண்டோஸ் போடலாமே, என்ட கூட்டாளியிட்ட டிஸ்க் இருக்கு கொப்பி அடிச்சு அனுப்பச் சொல்லட்டே

தர்ஷன்: சித்தப்பா விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட வழமையான அப்டேட் நிண்டுட்டுது, 11க்கு டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு சிப் வேணும், இந்த மெசின்களில அது இல்லை. மற்றது டிஸ்க்கைக் கொப்பி அடிக்கலாம், லைசன்ஸ் கொப்பி ஆகாது, ஆறு மெசினுக்கும் ஆறு வாங்கவேணும். மின்ட் அப்பிடி இல்லை, 100 பேருக்கு அடிச்சுக் குடுத்தாலும் ஆரும் கேக்க மாட்டினம், குடுக்கச் சொல்லித்தான் அவையள் தாறதே

ரிஸ்வி நானா: உபுண்டு எண்ட இன்னொரு லினக்ஸை தபால்லயே சும்மா அனுப்பினாங்க ஒரு காலம், ஷிப்இட் எண்டு. நானும் எழுதிப் போட்டு ஒரு கவர் வந்திச்சு, ஸ்டிக்கரும் இருந்திச்சு. 2011ல நிப்பாட்டிட்டாங்க

கனடா சித்தப்பா: சரி சரி. கோணேசர் தேர் எப்ப?

ஞாயிறு, இரவு 8:05

சிவம் சேர்: (போட்டோ)

சிவம் சேர்: 8ஆவது. 4 ஸ்பீட், வெரிஃபை ஓகே, மின்ட் இலைப்படம் வந்து நிக்குது. மார்க்கரால எழுதினன் ரிஸ்வி

ரிஸ்வி நானா: மாஷா அல்லாஹ்

பவானி ரீச்சர்: சூப்பர் சேர்

சிவம் சேர்: அதே ஐஎஸ்ஓவை வச்சு இன்னும் 3 அடிச்சன், ஒண்டும் பிழைக்கேல்ல. 5 மெசின் ஓடுது. எதில இருந்து ஸ்டார்ட் பண்ணுறது எண்டு கேக்கிற பூட் மெனுவுக்கு ஒவ்வொண்டிலயும் கீ வேற, ஒண்டுக்கு எஃப்12, ஒண்டுக்கு எஃப்9, ஒண்டுக்கு எல்லாத்தையும் அமத்தினன் எது வேலை செய்தது எண்டு தெரியாது. ஆறாவதுதான் 64 பிட் ப்ரொசெசர் வேணும் எண்டு சொல்லி மறுக்குது

தர்ஷன்: அது பழைய பென்டியம் மாமா, 32 பிட். மின்ட் 22 அதில ஏறாது. டெபியன் எண்டு இன்னொரு லினக்ஸ், அதின்ட 12ல 32 பிட் இன்ஸ்டோலர் இருக்கு, 2025 ஆகஸ்டில வந்த 13ல அதை எடுத்திட்டினம். 12ன்ட ஐஎஸ்ஓவை இரவைக்கு இறக்கி நாளைக்குக் கொண்டு வாறன், மெசினைத் தூக்கி எறியாதேங்கோ

சிவம் சேர்: எறியிறதோ, அதுதான் கிடக்கிறதுக்குள்ள நல்ல கீபோர்ட்

நிரோஜன்: சேர் எனக்கு அந்த மெசின்ல கேம் விளையாடலாமா

சிவம் சேர்: முதல்ல 28672 ஐ 2048 ஆல பிரி

நிரோஜன்: 14 நீங்களே சொன்னீங்கள்

கலா அக்கா: சேர் அந்தப் பழுதாப்போன 7 டிஸ்க்கும் எங்க?

சிவம் சேர்: மேசையில கிடக்கு, எடு. ஏன்?

திங்கள், காலமை 6:30

கலா அக்கா: ஏழையும் நூல் போட்டு கத்தரிப் பாத்திக்கு மேல கட்டினன், வெயிலுக்கு மினுங்கினா மான் கிட்ட வராது எண்டு பக்கத்து வீட்டு அம்மா சொன்னவ

கலா அக்கா: (போட்டோ)

பவானி ரீச்சர்: அது மான் தானே நடுவில நிக்கிறது?

கலா அக்கா: ஓம். 3ஆம் நம்பர் டிஸ்க்கில முகம் பாத்துக்கொண்டு கத்தரி இலை சாப்பிடுது

சிவம் சேர்: கலா திறப்பு என்னட்டதான் இருக்கு, இப்ப கொண்டு வாறன்